பராக்கும் குழப்படியும்: ஐம்பது வயதுக்குப் பின் ஒரு பரிசோதனை

எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைப் பற்றி இரண்டு சொற்கள் தாராளமாகப் புழங்கும். வகுப்பில் இருந்தபடி யன்னலுக்கு வெளியே கண்ணைவிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை 'பராக்குப் பார்க்கிறது'. ஓரிடத்தில் இருக்கமாட்டாமல் மேசைக்கு மேசை தாவும் பிள்ளை 'குழப்படி'. எழுபதுகளின் பிற்பகுதியில் நெளுக்குளத்தில் படிப்பைத் தொடங்கிய எனக்கு இரண்டு பட்டங்களும் ஒருசேரக் கிடைத்திருந்தன. மருத்துவம் இவ்விரண்டையும் ஒரே பெயரின் கீழ் சேர்த்து, கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் குறைபாடு என்று வழங்குகிறது. ஆங்கில முதலெழுத்துகளால் ஏ.டி.எச்.டி. என்பார்கள். பத்திரிகையில் உதவி ஆசிரியனாக இருந்தபோது இதுபற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றைச் செப்பனிட்டிருக்கிறேன். 'சிறுவரைப் பாதிக்கும் நோய்' என்று தலைப்பிட்டு அச்சுக்கு அனுப்பியவனும் நானே.

அப்படித் தலைப்பிட்டவன், சென்ற ஆண்டு, எனது ஐம்பத்திரண்டாவது வயதில், ஓர் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவு வாங்கில் இலக்கத் துண்டுடன் அமர்ந்திருந்தேன். அந்தக் குறைபாடு எனக்கு உண்டா, இல்லையா என்று அறிவதற்காக.

ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் பத்திரிகை என்னைத் தாங்கியது. மாலையில் பக்கம் முடிக்கும் நேரம் என்று ஒன்று இருந்தது. அதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்தில் நான் எழுதிய அளவு, நாள் முழுதும் எழுதியிருக்கமாட்டேன். 2022-இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து அச்சுத்தாள் கிடையாமற்போனபோது பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. நானும் முழுநேரப் பணியை விட்டு நெளுக்குளத்தில் எங்கள் பழைய வீட்டுக்குத் திரும்பினேன். இனி ஆறுதலாக நூல் எழுதலாம் என்று எண்ணினேன். பக்கம் முடிக்கும் நேரம் இல்லாமற்போனதும் எதுவுமே முடியவில்லை. பதினொரு அத்தியாயங்கள் தொடங்கப்பட்டு ஒன்றுகூட நிறைவுபெறவில்லை. கையில் பணம் இருக்க, மின்கட்டணம் செலுத்த மறந்து இணைப்புத் துண்டிக்கப்பட்டது. அடுப்பில் வைத்த கேத்தில் இருமுறை கரிந்தது.

இவை சிறியவை. பெரியது வேறொன்று. 2010-இல், செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்திருந்த ஒரு தாய், காணாமற்போன தன் மகனின் நிழற்படத்தை என்னிடம் தந்தார். பத்திரிகையில் போடுவதற்காக. அவரிடம் இருந்தது அந்த ஒரு படம் மட்டுமே. தொலைந்துவிடக்கூடாது என்று மிகக் கவனமாக ஓரிடத்தில் எடுத்துவைத்தேன். அந்த இடம் எது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த ஆண்டு அவரிடம் சென்று உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "உங்களிட்டை எண்டாலும் பத்திரமாய் இருக்கும் எண்டுதான் தந்தனான்" என்றார். அவ்வளவுதான்.

வைத்தியர் "ஏன் இப்ப வந்தனீங்கள்?" என்று கேட்டபோது மின்கட்டணத்தைத்தான் சொல்ல எண்ணியிருந்தேன். வாயில் வந்தது அந்தப் படத்தின் கதை.

*

அந்த வைத்தியரைக் காண்பதற்கு முன்னர் வேறொருவரைக் கண்டிருந்தேன். "இது பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு வாறது ஐயா, உங்களுக்கு வயது போகுது, அவ்வளவுதான்" என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வரலாற்றைப் புரட்டியபோது, அவர் சொன்னது ஒருகாலத்து மருத்துவ நூல்கள் சொன்னதே என்று கண்டேன்.

இக்குறைபாட்டை முதலில் விவரித்தவர்களுள் ஒருவர் அலெக்சாண்டர் கிறைற்றன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர். 1798-இல் வெளியான அவருடைய நூலில், ஒரு பொருளில் கவனத்தை நிலைநிறுத்த இயலாமை பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. இது ஒருவருக்குப் பிறப்பிலேயே அமைந்திருக்கலாம், அல்லது பின்னர் ஏற்பட்ட நோயினால் விளைந்திருக்கலாம் என்று அவர் இரண்டாகப் பிரித்தார். இந்தப் பிரிப்பை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். என் கதை முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது.

1902-இல் ஜோர்ஜ் ஸ்ரில் என்ற சிறுவர் மருத்துவர் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில், அறிவில் குறைவில்லாதபோதும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அவர் அதனை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்று அழைத்தார். 1917 தொடங்கிச் சுமார் பத்தாண்டுகள் உலகெங்கும் பரவிய மூளையழற்சி நோயிலிருந்து தப்பிய பிள்ளைகள் பலர் அமைதியிழந்து, கட்டுக்கடங்காதவர்களாக மாறியதைக் கண்ட மருத்துவர்கள், காரணம் ஒழுக்கத்தில் அன்றி மூளையில் இருக்கலாம் என்று எண்ணத் தொடங்கினர். 1937-இல் அமெரிக்காவின் றோட் ஐலண்டில் சார்ள்ஸ் பிறட்லி, வேறொரு சோதனையால் உண்டான தலையிடிக்காகச் சிறுவர்களுக்குப் பென்சிட்றின் என்ற ஊக்கமருந்தைக் கொடுத்தார். தலையிடி பெரிதாக மாறவில்லை. ஆனால் பாடத்தில் அவர்களது ஊக்கம் திடீரென்று உயர்ந்தது. 1944-இல் சுவிற்சர்லாந்தில் லியாண்ட்றோ பனிசன் மெதில்பெனிடேட் என்ற சேர்மத்தை உருவாக்கினார். அவருடைய மனைவி றீட்டாவின் பெயரே 'றிற்றலின்' என்ற வணிகப் பெயராயிற்று.

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியல் நூலான டி.எஸ்.எம்., 1968-இல் இதனைக் 'குழந்தைப்பருவ மிகையியக்கம்' என்று பெயரிட்டு, வளரிளம் பருவத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும் என்றும் எழுதியது. என்னைத் திருப்பி அனுப்பிய வைத்தியர் நின்ற இடம் இதுதான். ஆனால் 1976-இலேயே யூற்றா மாநிலத்தில் போல் வெண்டரும் அவருடைய குழுவினரும் வளர்ந்தவர்களிடமும் இது தொடர்வதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டிருந்தனர். 1980-ஆம் ஆண்டுப் பதிப்பு கவனக்குறைவை முதன்மைப்படுத்திப் பெயரை மாற்றியது. 1987-இல் இன்றைய பெயர் வந்தது. பிரித்தானியாவில் நைஸ் அமைப்பின் வழிகாட்டி 2008-இல்தான் வளர்ந்தோரையும் சேர்த்துக்கொண்டது. 2013-ஆம் ஆண்டு டி.எஸ்.எம்., பதினேழு வயதைக் கடந்தவர்களுக்கு ஒன்பது அறிகுறிகளுள் ஐந்து போதும் என்று தளர்த்தியது. அதேவேளை ஒரு நிபந்தனையைக் கைவிடவில்லை. அறிகுறிகள் சில பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

*

இரண்டாவது வைத்தியர் இளையவர். என் மகளின் வயதைவிடச் சற்றுக் கூட இருக்கும். முதல் நாள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கேட்டார், எழுதினார். இரத்தச் சோதனை செய்து சொல்லிவிடுவார்கள் என்று நான் நம்பிப் போயிருந்தேன். இரத்தம் எடுத்தது உண்மைதான். ஆனால் அது தைரொயிட் சுரப்பியில் கோளாறு இல்லை என்று உறுதிசெய்வதற்கு. இக்குறைபாட்டைத் தனியே காட்டித்தரும் இரத்தச் சோதனையோ மூளைப் படமோ கிடையாது. நித்திரை, மது, மனச்சோர்வு, பதகளிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கழித்துக்கொண்டு வந்தார்.

பின்பு, "போரின்போது எங்கை இருந்தனீங்கள்?" என்றார்.

அந்தக் கேள்வியின் கனத்தை வன்னிக்கு வெளியே இருப்பவர்கள் உணர்வதற்குச் சற்று விளக்க வேண்டும். எங்கள் சிறுவயதில் உளநோய் என்றால் ஓர் ஊர்ப் பெயர்தான் நினைவுக்கு வரும். 1926-இல் திறக்கப்பட்ட அங்கொடை வைத்தியசாலை, 2008-இல் தேசிய உளநல நிறுவனம் என்று பெயர் மாறியது. ஆயினும் 'அங்கொடைக்கு அனுப்பவேணும்' என்ற வசை மாறவில்லை. வடக்கில் தெல்லிப்பழை வைத்தியசாலையின் உளநலப் பிரிவும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோரின் உழைப்பும் இதுபற்றித் தமிழில் பேசுவதற்கு ஒரு மொழியை ஆக்கித்தந்தன. 2004 ஆழிப்பேரலையின் பின், 2005-இல் அரசு வகுத்த உளநலக் கொள்கை சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்ல முயன்றது. ஆனால் இம்மொழி முழுவதும் போரைச் சுற்றியே வளர்ந்தது. வேறு எப்படி வளர்ந்திருக்க முடியும்? 2009-இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, நூற்றுக்கு ஏழு பேரிடம் நெருக்கீட்டுக்குப் பிந்திய உளவடு நோயையும், 22 பேரிடம் மனச்சோர்வையும், ஏறத்தாழ 33 பேரிடம் பதகளிப்பையும் கண்டது. அதே ஆண்டு வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களால் வவுனியாவின் முகாம்கள் நிறைந்திருந்தன. நெளுக்குளத்துப் பாடசாலைக் கட்டடங்களில் வாங்குகளுக்குப் பதில் பாய்கள் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். உளவடு கொண்டவருக்கும் கவனம் நிலைக்காது. அவரும் மறப்பார், எரிந்து விழுவார், ஓரிடத்தில் இருக்கமாட்டார். கிறைற்றன் 1798-இல் பிரித்த இரண்டு வழிகளும் எங்கள் நாட்டில் ஒரே வாசலில் வந்து முடிகின்றன. பிறவியிலேயே அலைபாய்ந்த ஒருவனை 'போரிலை பாதிக்கப்பட்டவன்' என்று அனுதாபத்தோடு விட்டுவிடுவோம். போரினால் குலைந்த ஒருவனுக்கு ஏ.டி.எச்.டி. என்று ஊக்கமருந்து கொடுத்தால், அவன் உண்மையில் சுமந்து திரிவது யாருக்கும் தெரியாமற் போகும். இரண்டும் ஒருவனிடமே இருக்கவும் கூடும்.

பிரித்தறிய ஒரே வழி, போருக்கு முந்திய பிள்ளையை விசாரிப்பது. வைத்தியர் கேட்டார்: "பன்னிரண்டு வயதுக்கு முந்தின தேர்ச்சி அறிக்கை ஏதும் இருக்கோ? அம்மா, அப்பா இருக்கினமோ?"

எனக்குப் பன்னிரண்டு வயது 1984-இல். இனக்கலவரம் 1983-இல். மருத்துவ நூலின் எல்லைக்கோடும் எங்கள் வாழ்வின் எல்லைக்கோடும் ஏறத்தாழ ஒரே இடத்தில் கிடக்கின்றன. தேர்ச்சி அறிக்கைகள் அம்மாவின் தகரப்பெட்டிக்குள் இருந்தன. 1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டபோது வீட்டை விட்டு மடுவுக்கு ஓடினோம். திரும்பி வந்தபோது பெட்டியும் இல்லை, வீட்டுக்குக் கூரையும் இல்லை. அப்பா 1996-இல் காலமானார். அம்மா 2014-இல்.

*

நியூசிலாந்தில் டனீடின் என்றொரு நகரம். அங்கே 1972, 73-இல் பிறந்த 1,037 பிள்ளைகளை ஓர் ஆய்வுக் குழு விடாமல் தொடர்ந்து வருகிறது. என் வயதுக்காரர்கள். மூன்று வயதில் எப்படி இருந்தார்கள், ஏழு வயதில் ஆசிரியர் என்ன சொன்னார், பதினொன்றில் எவ்வாறு படித்தார்கள் என்று எல்லாம் எழுத்தில் உண்டு. அவர்கள் முப்பத்தெட்டு வயதை எட்டியபோது செய்த பரிசோதனையின் முடிவை 2015-இல் ரெறி மொஃபிற்றும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்டனர். வளர்ந்த பின் ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் காட்டியவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில் சிறுவயதில் அது இருந்ததற்கான பதிவே இல்லை. இன்னொன்றையும் கண்டார்கள். சிறுவயதில் உண்மையாகவே இக்குறைபாடு கண்டறியப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருள் பெரும்பாலானோர், பிள்ளை வளர்ந்த பின் அதனை மறந்துபோயிருந்தனர்.

இந்த முடிவு பெரும் விவாதத்தை எழுப்பியது. எனக்கு அதில் தைத்தது வேறு. பிறந்த நாள்முதல் பதிவுகள் இருந்த ஊரிலேயே உண்மை இவ்வளவு சிக்கலானது. ஒரு தேர்ச்சி அறிக்கைகூட எஞ்சாத ஊரில் நான் எதைக்கொண்டு நிறுவுவது?

பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன் நான். ஏடு அழிந்தால் வாய்மொழிச் சான்றைத் தேடு, ஒரு சாட்சி போதாது, இரு சாட்சிகள் ஒருவரையொருவர் கேளாமல் சொல்லவேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். அப்படியே செய்தேன்.

முதற் சாட்சி என் மூத்த அக்கா. என்னைவிட எட்டு வயது கூட. கனடாவில் இருக்கிறார். விடயத்தைச் சொல்லாமல், "நான் சின்னனிலை எப்பிடி அக்கா?" என்று மட்டும் தொலைபேசியில் கேட்டேன். அவர் சிரித்தார். "நல்ல பிள்ளை. ஆனால் உன்னட்டைக் காசு குடுக்கேலாது. பாண் வாங்கக் குடுத்தால் வழியிலை எங்கையாவது போட்டிடுவாய். அம்மா பிறகு உன்ர சேட் பொக்கெற்றுக்குள்ளை காசை வைச்சு ஊசிநூலாலை தைச்சு விடுறவ. கடைக்காரர் பிளேட்டாலை வெட்டி எடுப்பார்." எனக்கு அது நினைவில் இல்லை. அக்கா சொன்ன பிறகு பொக்கெற்றின் ஓரத்தில் நூல் பிசிறு நின்றது மட்டும் நினைவுக்கு வந்தது.

இரண்டாம் சாட்சி எங்கள் நாலாம் வகுப்பு ரீச்சர். எண்பதைக் கடந்தவர், நெளுக்குளத்திலேயே இருக்கிறார். காது சற்று மந்தம், நினைவு தெளிவு. என்னை அடையாளம் கண்டதும், "நீ மணியடிக்கிற பொடியன் அல்லே?" என்றார். பாடசாலையில் வெண்கல மணி இல்லை. வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டொன்று தொங்கும். ஒவ்வொரு பாடம் முடியும்போதும் யாராவது போய் இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து குடும்பங்கள் பல வவுனியாவில் வந்து குடியேறியதால் வகுப்பில் பிள்ளைகள் நிறைந்திருந்த காலம் அது. "உன்னை இருத்தி வைக்கேலாது. இருத்தினால் பக்கத்திலை இருக்கிற பிள்ளையளும் படிக்காதுகள். அதுதான் வருசம் முழுக்க மணியை உன்னட்டைத் தந்தனான். ஓடிப்போய் அடிச்சிட்டு வந்தால் ஒரு அரைமணித்தியாலம் ஒழுங்காய் எழுதுவாய்" என்றார்.

நான் அதைக் கெட்டிக்காரனுக்குக் கிடைத்த கௌரவம் என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்பியிருந்தேன்.

இரண்டையும் எழுதி வைத்தியரிடம் கொடுத்தேன். அவர் இருமுறை வாசித்தார். 'குழப்படி', 'பராக்கு' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் தான் அவ்வளவாக நம்பியிருக்கமாட்டார் என்றும், தைத்த பொக்கெற்றையும் தண்டவாள மணியையும் யாரும் நோய்க்காக இட்டுக்கட்டமாட்டார்கள் என்றும் சொன்னார். மூன்றாம் சந்திப்பில் முடிவைத் தெரிவித்தார். குறைபாடு சிறுவயதிலேயே இருந்திருக்கிறது. ஆனால் இரவில் கதவு தட்டும் ஓசைக்கு விழித்தெழுவதும், தெருவில் வாகனம் மெதுவாக வந்து நின்றால் நெஞ்சு படபடப்பதும் அதைச் சேர்ந்தவை அல்ல. அவை பின்னால் வந்தவை. அவற்றுக்கு வேறு சிகிச்சை. இரண்டையும் ஒரு கணக்கில் எழுதவேண்டாம் என்றார்.

இரத்த அழுத்தமும் இருதயமும் பார்த்த பின் மெதில்பெனிடேட் சிறு அளவில் தொடங்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கைப்படி கடும் கட்டுப்பாட்டுக்குட்பட்ட மருந்து அது. வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் யாரும் தொடக்கூடாது. அற்புதம் எதுவும் நிகழவில்லை. தலைக்குள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்த பல வானொலிகளில் சிலவற்றின் ஒலி குறைந்தது. பதினொன்றில் மூன்று அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கைத்தொலைபேசியில் மணி ஒலிக்க வைத்திருக்கிறேன். ஒலித்ததும் எழுந்து கிணற்றடிவரை போய்வருவேன்.

*

நான் வைத்தியன் அல்லன், பத்திரிகைக்காரன். இதை வாசித்துவிட்டு யாரும் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் சந்தேகம் இருந்தால் கேட்கப் போங்கள். ஒருவர் திருப்பி அனுப்பினால் இன்னொருவரிடம் போங்கள். போகுமுன், உங்கள் சிறுவயதை அறிந்த பெரியவர்கள் இன்னும் இருப்பார்களாயின், அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் பரிசோதனைக்குச் செல்லும் எங்கள் ஆட்களிடமும் இதே தேர்ச்சி அறிக்கையைத்தான் கேட்பார்கள். அது ஏன் இல்லை என்பதை விளக்க வேண்டியவர்களும் நாங்கள்தான்.

ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஸ்ரில் 1902-இல் ஒழுக்கக் குறை என்றார். மருத்துவம் அதைத் திருத்திக்கொள்ளப் பல பத்தாண்டுகள் சென்றன. என்னை நான் திருத்திக்கொள்ளவும் அதுபோல் காலம் எடுக்கும்போலும். படம் ஏன் தொலைந்தது என்பது இப்போது விளங்குகிறது. ஆனால் அந்தத் தாயிடம் போய் அதன் பெயரைச் சொல்ல என்னால் முடியாது. அவருக்குத் தேவைப்பட்டது காரணம் அல்ல.

2017 பெப்ரவரியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் வவுனியாவில் தொடங்கிய போராட்டப் பந்தலுக்குப் பலமுறை போயிருக்கிறேன். முதலில் செய்தி சேகரிக்க, பின்னர் சும்மா. அங்கே வரிசையாகப் படங்கள் தொங்கும். ஒவ்வொரு முறையும் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை பார்ப்பேன். அந்தப் பையனின் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இடது புருவத்துக்கு மேல் சிறு தழும்பு, பாடசாலை வெள்ளைச் சேட், கழுத்துப் பொத்தான் பூட்டியிருக்கும். அவனுடைய படம் அங்கே இல்லை.